சுகர் மாத்திரை போட்டா கிட்னி போயிருமா? திருமங்கலம் தம்பி கேட்டதுக்கு என் பதில்

தம்பி, நீங்க எழுதுனதை முழுசா படிச்சேன். அப்பாவுக்கு 54 வயசு, திருமங்கலத்துல டீக்கடை வச்சிருக்காரு, கால் எரியுதுன்னு போன மாசம் போய் டெஸ்ட் எடுத்ததுல வெறும் வயித்துல 158, சாப்பிட்டதுக்கப்புறம் 246, மூணு மாச சுகர்னு சொல்ற ஹெச்பிஏ1சி 8.1, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் 0.9, பிரஷர் 146/90. டாக்டர் மெட்ஃபார்மின் 500 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு எழுதிக் குடுத்தும் அப்பா ஒண்ணு கூட போடல, ஏன்னா உங்க சித்தப்பா பத்து வருஷம் சுகர் மாத்திரை போட்டுட்டு இப்ப வாரம் ரெண்டு வாட்டி டயாலிசிஸ் போறாரு. அதைப் பார்த்து பயந்துபோய் ஆவாரம்பூ கசாயமும் ராத்திரி சப்பாத்தியும்னு ஆரம்பிச்சிருக்காரு. மாத்திரை இல்லாம சாப்பாட்டுலயே சரி பண்ணிரலாமா, தை மாசம் பழனிக்கு நடந்து போகலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கேள்விக்குள்ள இருக்குற கேள்வி வேறன்னு எனக்குப் படுது, எங்கப்பாவும் சித்தப்பா மாதிரி ஆயிருவாரோ, ஆகாம இருக்கணும்னா எதைப் பார்த்து பயப்படணும், மாத்திரையவா சுகரையவா. முதல்ல அதுக்கு பதில் சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன்.

நான் டாக்டர் இல்ல. நர்சிங் படிச்சுட்டு சுகர்காரங்களுக்கு சாப்பாடு, இன்சுலின் ஊசி போடுற முறை, கால் பராமரிப்பு இதெல்லாம் உக்கார வச்சு சொல்லிக்குடுக்குற வேலைல பல வருஷமா இருக்கேன், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, உங்க திருமங்கலம்னு மதுரை சுத்துவட்டாரத்து ஜனங்கதான் வர்றாங்க, அதுல பாதிப்பேரு உங்கப்பா கேட்ட அதே கேள்விய கேட்டுட்டுத்தான் நாற்காலில உக்காருவாங்க. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம்ங்கிறது அவரை நேர்ல பார்த்த டாக்டர் முடிவு பண்றது, அதுல நான் கை வைக்க மாட்டேன். எதுக்காக குடுத்திருக்காங்க, எது பயப்பட வேண்டியது, எது வேண்டாததுங்கிறதை என்னால சொல்ல முடியும்.

மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்காது. இதை நான் தயங்காம சொல்றேன். இந்த மருந்து 1957ல இருந்து மனுசங்களுக்கு சுகருக்காக குடுத்துட்டு வர்றாங்க, உலகத்துலயே அதிகம் பேரு போடுற சுகர் மாத்திரை இதுதான். அப்ப அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. மெட்ஃபார்மின் ஈரல்ல உடையுற மருந்து இல்ல, உள்ள போன மாதிரியே கிட்னி வழியா ஒண்ணுக்குல வெளிய போயிரும். கிட்னி வேற காரணத்தால ஏற்கனவே பலவீனமா இருந்தா அந்த மருந்து வெளிய போகாம ரத்தத்துல தங்கும், தங்குனா அரிதா ஒரு ஆபத்தான நிலை வரலாம், அதனால ஈஜிஎஃப்ஆர்னு கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்ற ஒரு கணக்கு 45க்கு கீழ இறங்குனா டோஸ குறைப்பாங்க, 30க்கு கீழ போனா நிறுத்திருவாங்க. நிறுத்துனதை பார்த்த சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க, "இந்த மாத்திரையால கிட்னி போச்சு, அதான் டாக்டரே நிறுத்திட்டாரு"ன்னு நினைப்பாங்க. நடந்ததோ தலைகீழ், கிட்னி போனதால மாத்திரைய நிறுத்துனாங்க. உங்கப்பாவுக்கு 54 வயசுல கிரியாட்டினின் 0.9ன்னா அந்தக் கணக்கு 100 பக்கம் வரும், அதாவது இப்போதைக்கு வடிகட்டுற வேலை நல்லாவே நடக்குது, இந்த மாத்திரை போட தடை எதுவும் அந்த ரிப்போர்ட்டுல இல்ல.

கிட்னிய கெடுக்குறது எதுன்னா கூடுன சுகரும் கூடுன பிரஷரும்தான். கிட்னிக்குள்ள லட்சக்கணக்குல நுண்ணிய வடிகட்டி இருக்கு, எல்லாம் முடியவிட சன்னமான ரத்தக்குழாய்ங்க. வருஷக்கணக்குல சுகர் கூடவே இருந்தா அந்தக் குழாய் சுவரு தடிச்சு ஓட்டையாகி, உள்ள தங்க வேண்டிய புரதம் ஒண்ணுக்குல ஒழுக ஆரம்பிக்கும், அப்ப வலிக்காது, வீங்காது, ஒண்ணுமே தெரியாது. கால் வீங்கி மூச்சு வாங்குறப்பதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருவாரு, அதுக்குள்ள பாதிக்கு மேல போயிருக்கும். சித்தப்பாவுக்கு என்ன நடந்துச்சுன்னு ரிப்போர்ட்ட பார்க்காம என்னால சொல்ல முடியாது, ஆனா அவருகிட்ட நீங்க கேட்டுப் பாருங்க, அந்தப் பத்து வருஷத்துல மூணு மாச சுகர் எத்தனை தடவை எடுத்தீங்க, எவ்வளவு இருந்துச்சு, பிரஷருக்கு ஒழுங்கா போட்டீங்களா, முட்டி வலிக்கு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போடுவீங்களான்னு. நான் பார்த்தவரைக்கும் "பத்து வருஷமா மாத்திரை போட்டேன்"ங்கிறவங்கள்ல நெறைய பேரு அதே பழைய சீட்டக் காட்டி அதே மாத்திரைய வாங்கிட்டு டெஸ்ட்டே எடுக்காம இருந்தவங்க, மாத்திரை வயித்துக்குள்ள போகும், சுகர் 250லயே நிக்கும். வலி மாத்திரை பத்தி கேட்டேன்ல, டைக்ளோஃபினாக் மாதிரியானது, அதை மாசக்கணக்குல தானா வாங்கி முழுங்குறது கிட்னிக்கு உண்மையிலயே கெடுதல். சுகர் மாத்திரைக்கு பயப்படுற வீட்டுல அந்த வலி மாத்திரை அட்டை தலைமாட்டுலயே கிடக்குறதை நான் அடிக்கடி பார்க்குறேன், எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

இதுக்கு ஆதாரம் என்னன்னு அப்பா கேட்டா சொல்லுங்க, இங்கிலாந்துல 1977ல ஆரம்பிச்சு புதுசா சுகர் வந்த 5,000 பேருக்கு மேல வருஷக்கணக்குல பார்த்து 1998ல முடிவை வெளியிட்டாங்க, யூகேபிடிஎஸ்னு பேரு. மருந்து போட்டு சுகர நல்லா இறக்கி வச்சவங்களுக்கு கண்ணு, கிட்னி மாதிரி நுண்ணிய குழாய்ங்கள்ல வர்ற பாதிப்பு 25 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அதுல எடை கூடுனவங்களுக்கு மெட்ஃபார்மின் குடுத்த பிரிவுல சாவே குறைஞ்சது. அதைவிட எனக்கு பெருசாப் படுறது 2008ல வந்த பின்தொடர்ச்சி, ஆய்வு முடிஞ்சப்புறம் ரெண்டு பிரிவுக்கும் சுகர் அளவு ஒண்ணாயிருச்சு, ஆனாலும் ஆரம்பத்துல நல்லா வச்சிருந்தவங்களுக்கு அந்த லாபம் பத்து வருஷம் கழிச்சும் நின்னுச்சு. அப்பாவ இப்பவே, இந்த மாசமே ஆரம்பிக்கச் சொல்லுங்கன்னு நான் அழுத்தி சொல்றது அதனாலதான். ரெண்டு வருஷம் கசாயம் குடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் மாத்திரைக்கு வரலாம்னா அந்த ரெண்டு வருஷம் திரும்பக் கிடைக்காது.

மெட்ஃபார்மினுக்கு தொந்தரவே கிடையாதான்னா இருக்கு. ஆரம்பத்துல வயித்தைக் கலக்கும், பேதி, குமட்டல், நாக்குல ஒரு இரும்பு ருசி, சாப்பாட்டோட நடுவுலயோ சாப்பிட்ட உடனேயோ போட்டா குறையும், பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல பழகிரும், பழகலைன்னா மெதுவா கரையுற மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேக்கலாம். வருஷக்கணக்குல போட்டா பி12 சத்து குறையலாம், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி பார்த்துக்கணும். வாந்தி பேதி வந்து உடம்புல தண்ணி வத்திக் கிடக்குறப்ப இதை நிறுத்தி வைக்கணுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. டைன்னு சொல்ற சாய மருந்து ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கப் போனா மெட்ஃபார்மின் போடுறேன்னு அங்க சொல்லிறணும். இதை மட்டும் போட்டா சுகர் திடீர்னு கீழ விழுறது ரொம்ப அரிது, பின்னாடி கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தா அப்ப லோ சுகர் பத்தி கவனம் வேணும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண்ணு இருட்டிட்டு வர்றதுன்னு வந்து 70க்கு கீழ இருந்தா மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கலக்கி குடிக்கணும், கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பார்க்கணும், ஆள் நினைவு இல்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தக்கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

இப்ப அப்பா ரிப்போர்ட்டுக்கு வர்றேன். சுகர்னு சொல்றதுக்கு வெறும் வயித்துல 126, மூணு மாச சுகர் 6.5, இதுக்கு மேல இருக்கணும், அப்பாவுக்கு ரெண்டுமே தாண்டியிருக்கு, அதனால சந்தேகத்துக்கு இடமில்ல, "ஆரம்ப சுகர், பார்டர்"ங்கிற பேச்செல்லாம் அவருக்கு பொருந்தாது. 8.1ங்கிறது கடைசி மூணு மாசமா சராசரியா 185 பக்கம் ஓடியிருக்குன்னு அர்த்தம். ரத்தசோகை மாதிரி இருந்தா இந்த மூணு மாச கணக்கு கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு போகும், ஆனா அப்பாவுக்கு மத்த நம்பரும் ஒத்துப்போறதால அதை சாக்கா எடுத்துக்க முடியாது. சுகர் எப்ப வந்துச்சுங்கிறது யாருக்கும் தெரியாது, கண்டுபிடிச்சதுதான் போன மாசம். கால் எரிச்சல் இருக்குன்னா பல வருஷமா உள்ளுக்குள்ள ஓடிட்டு இருந்திருக்கலாம்னு நான் நினைக்கிறேன், அது உறுதி இல்ல, பி12 குறைஞ்சாலும் எரியும், நாள் பூரா பாய்லர் முன்னாடி நிக்கிற காலு அதுக்கும் எரியலாம், அதனால அதை டாக்டர் ஊசி முனை, நைலான் நார் வச்சு தொட்டுப் பார்த்துதான் சொல்லணும். பிரஷர் 146/90ங்கிறது ஒரு தடவை பார்த்தது, பயத்துலயும் ஏறியிருக்கும், வேற வேற நாள்ல ரெண்டு மூணு தடவை பார்த்துட்டுத்தான் முடிவு, ஆனா பார்க்காம விடக்கூடாது, கிட்னி விஷயத்துல பிரஷர் சுகருக்கு இளைச்சது இல்ல.

கிரியாட்டினின் 0.9ன்னு சந்தோஷப்பட்டு நிறுத்திறாதீங்க, அது கெடும்போது கடைசியாத்தான் ஏறும். சித்தப்பா மாதிரி ஆயிருவாரோன்னு நீங்க பயப்படுறீங்கல்ல, அந்தப் பயத்துக்கு பதில் சொல்ற டெஸ்ட் யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ, ஒண்ணுக்குல புரதம் ஒழுகுதான்னு பார்க்குறது, காலைல புடிச்ச ஒண்ணுக்கு கொஞ்சம் போதும், 30க்கு கீழ இருந்தா நல்லது. 30 தாண்டியிருந்தா ஒழுக ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், அந்தக் கட்டத்துல புடிச்சா தடுக்குறதுக்கு மருந்து இருக்கு, பிரஷர் மாத்திரைலயே கிட்னிய காப்பாத்துற வகை இருக்கு, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு சுகர் மாத்திரைலயே கிட்னிக்கு நல்லது பண்றது வந்திருக்கு, ரெண்டுக்கும் பேட்டண்ட் முடிஞ்சதால விலையும் நல்லா இறங்கிருச்சு. உங்கப்பா "சுகர் மாத்திரை கிட்னிய கெடுக்கும்"ங்கிறாரு, இன்னைக்கு கிட்னி டாக்டருங்களே கிட்னிய காப்பாத்த சுகர் மாத்திரை எழுதுறாங்க, இதை அவருகிட்ட அப்படியே சொல்லுங்க. கூடவே கண்ணும் பார்க்கணும், கண்ணாடிக் கடைல எழுத்து படிக்கிறது இல்ல, சொட்டு மருந்து விட்டு கண்ணு பாப்பாவ விரிச்சு விழித்திரைய பார்க்குறது, சுகர் தெரிஞ்ச உடனே ஒருவாட்டி, அப்புறம் வருஷா வருஷம். 1976ல டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நம்ம மதுரைலயே இருக்கு, வெளிநாட்டுல இருந்து வந்து படிக்கிறாங்க, இங்க இருந்துட்டு பார்வை மங்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க, மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலாத்தான் தெரியும்.

சாப்பாட்டுலயே சரி பண்ண முடியுமாங்கிறதுக்கு ஆமா இல்லைன்னு ஒத்தை வார்த்தைல சொல்ல மாட்டேன். 2017ல இங்கிலாந்துல டைரக்ட்னு ஒரு ஆய்வு வந்துச்சு, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்குற, எடை கூடுன ஆளுங்களுக்கு சில மாசம் ரொம்பக் குறைச்ச கலோரில தயார் பண்ண உணவு மட்டும் குடுத்து எடைய இறக்குனாங்க, ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் 6.5க்கு கீழ வந்துச்சு, 15 கிலோவுக்கு மேல குறைச்சவங்கள்ல பத்துல எட்டு ஒன்பது பேருக்கு வந்துச்சு. அதனால நடக்காதுன்னு சொல்ல முடியாது. ஆனா அது குணமானது இல்ல, அடங்கியிருக்கு, எடை திரும்புனா சுகரும் திரும்பும், அந்த ஆளுங்களும் டாக்டர் கண்காணிப்புல இருந்தவங்க. நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேரு பார்க்க ஒல்லியா, வயிறு மட்டும் முன்னால தள்ளி இருப்பாங்க, அவங்களுக்கு அதே அளவு பலன் கிடைக்குமான்னு அந்த ஆய்வ வச்சு என்னால உறுதி குடுக்க முடியாது. அப்பா எடை நீங்க எழுதல, ஒரு இஞ்சு டேப் எடுத்து தொப்புள் பக்கத்துல அளந்து பாருங்க, ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டுனாலே அதிகம், அவருக்கு தாண்டியிருந்தா எடைய குறைக்கிறதுல நெறைய லாபம் இருக்கு. நான் சொல்றது என்னன்னா மாத்திரையையும் சாப்பாட்டையும் ரெண்டு கட்சியா பிரிக்காதீங்க, இன்னைக்கு ரெண்டையும் ஆரம்பிங்க, எடை இறங்கி ஆறு மாசம் ஒரு வருஷத்துல நம்பர் நல்லா வந்தா "குறைச்சுப் பார்க்கலாமா"ன்னு அதே டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க, குறைக்கிற ஆளுங்களையும் நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்.

அப்பா சோத்தை விட்டுட்டு சப்பாத்திக்கு மாறியிருக்காருன்னு சொன்னீங்க. அரிசிலயும் மாவுச்சத்து, கோதுமைலயும் மாவுச்சத்து, மூணு சப்பாத்தி தின்னா ஒரு பெரிய கப்பு சோறு தின்ன கணக்கு பக்கத்துல வந்துரும், அஞ்சு சப்பாத்திய உருளைக்கிழங்கு குருமா தொட்டு சாப்பிட்டா சோறே தேவலாம். கேப்பைக்கூழ், கம்மங்கூழும் அப்படித்தான், தானியம் நல்லதுதான், ஆனா நைசா அரைச்சு கரைச்சு ரெண்டு சொம்பு குடிச்சா வேகமா ஏறும், கூழ் குடிச்சுட்டு சுகர் பார்த்து 280 வந்ததும் அதிர்ந்து போனவங்க எங்கிட்ட நெறைய. எதை சாப்பிடுறோம்ங்கிறதவிட எவ்வளவுங்கிறதுதான் இங்க பெரிய விஷயம். தட்டுல பாதி காய், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி இதுல எதாச்சும், மிச்ச கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. காயையும் குழம்புத் துண்டையும் முதல்ல சாப்பிட்டுட்டு சோத்துக்கு போனா ஏற்றம் கொஞ்சம் தணியும். நம்ம ஊருல ராத்திரி பத்து மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்குது, நாலு சட்னி ஊத்துனா எட்டு இட்லி போறது தெரியாது, மூணோட நிறுத்தி கூட ஒரு ஆம்லெட்டோ சுண்டலோ வச்சா போதும். புரோட்டா மைதாவும் எண்ணெயும், சால்னாவுல ஊறுனது ரெண்டுன்னாலும் பாரம்தான், அதை மாசத்துல ஒரு நாளைக்கு வச்சுக்கட்டும், அப்பாவுக்கு மொத்தமா தடை போட்டா கடைக்கு பின்னாடி போய் தின்னுட்டு வருவாரு, அப்ப உங்களுக்கு கணக்கே தெரியாமப் போயிரும்.

ஆனா அப்பா விஷயத்துல சோறு சப்பாத்தியவிட எனக்கு டீதான் உறுத்துது. டீக்கடைக்காரரு வெள்ளன நாலு மணிக்கு அடுப்ப பத்த வச்சதுல இருந்து ருசி பார்க்குறேன், கூட நிக்கிறவருக்கு துணைக்கு குடிக்கிறேன்னு ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் சாதாரணமா போகும். ஒரு கிளாஸுக்கு ரெண்டு ஸ்பூன் சீனின்னா பத்து கிராம், எட்டு கிளாஸுக்கு எண்பது கிராம் சீனி, அதுவும் தண்ணியா போறதால நேரா ரத்தத்துக்கு. அதோட பஜ்ஜி, வடை ஓரத்துல உடைச்சு வாயில போடுறது. வேற எதையும் மாத்தாம டீல இருந்து சீனிய மட்டும் எடுத்தாலே ஒரு மாசத்துல நம்பர்ல தெரியும். கருப்பட்டி, நாட்டுச்சக்கரை, தேன் போட்டுக்கலாமான்னு அடுத்து கேப்பாரு, வேண்டாம், சத்து எதோ கொஞ்சம் கூட இருக்கலாம், சுகர ஏத்துறதுல எல்லாம் ஒண்ணுதான். சீனி இல்லாத டீ முதல் பத்து நாள் கசக்கும், இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு கிளாஸ தனியா வச்சுக்கட்டும், நாளைக்கு மூணுக்குள்ள நிறுத்தட்டும். ஜிகர்தண்டா, பருத்திப்பாலும் அதே சீனிக் கணக்குல வரும். பழம் பத்தி பயப்பட வேண்டாம், கொய்யா, நாவல், ஒரு சின்ன ஆப்பிள்னு முழுசா கடிச்சு சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம், மாம்பழ சீசன்ல ரெண்டு கீத்து போதும், அன்னைக்கு சோத்தை அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கணும்.

நாள் பூரா கடைல நின்னுட்டுத்தான இருக்கேன், எனக்கு எதுக்கு நடைன்னு சொல்லுவாரு. நிக்கிறது வேற, வேகமா நடக்குறது வேற. சாப்பிட்டு முடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தாலே சதை அந்த சக்கரைய இழுத்து எரிக்க ஆரம்பிச்சுரும், மத்தியானம் கடைய சாத்துறப்ப ஒரு நடை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நடைன்னா அவரு வேலைக்கு ஒத்து வரும், காலைல மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் போய் சுத்துறதெல்லாம் டீக்கடைக்காரருக்கு நடக்குற காரியமில்ல.

ஆவாரம்பூ பத்தி. அதுல சுகர குறைக்கிற குணம் கொஞ்சம் இருக்கலாம்னு சொல்ற ஆய்வெல்லாம் இருக்கு, பெரும்பாலும் எலி வச்சு பண்ணது, மனுசங்கள்ல 8.1ஐ 7க்கு கொண்டு வரும்னு நம்பி விடுற அளவுக்கு எதுவும் இல்ல. வெந்தயத்துக்கு கொஞ்சம் பரவாயில்ல, அதுல நார்ச்சத்து இருக்குறதால ஏற்றத்த தணிக்கும், அதுவும் சின்ன அளவுதான். அவரு வீட்டுல பறிச்ச பூவ கொதிக்க வச்சு குடிக்கிறதை நான் சண்டை போட்டு நிறுத்தச் சொல்ல மாட்டேன், மாத்திரைக்கு பதிலா குடிக்கிறதைத்தான் நிறுத்தச் சொல்லுவேன், குடிக்கிறதை டாக்டர்கிட்டயும் சொல்லிறணும். நான் பயப்படுறது யாரோ பொட்டலம் கட்டித் தர்ற, மேல என்ன இருக்குன்னு எழுதாத பொடிக்கும் லேகியத்துக்கும்தான். அந்த மாதிரி பொடிங்கள்ல ஈயம், பாதரசம் இருந்ததும் உண்டு, சொல்லாம இங்கிலீஷ் சுகர் மாத்திரையவே பொடிச்சு கலந்திருந்ததும் உண்டு, கிட்னிக்கு உண்மையான ஆபத்து அங்க இருக்கு.

வீட்டுல ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வைங்க. கைய சோப்பு போட்டு கழுவி துடைச்சுட்டு குத்தணும், டீக்கடைக்காரரு விரல்ல சீனி ஒட்டியிருந்தா அதுவே நம்பர ஏத்தி காட்டும். லேப் நம்பருக்கும் மிஷினுக்கும் பத்து பதினஞ்சு சதவீதம் வித்தியாசம் வரும், அதுக்கு சண்டை வேண்டாம். சாப்பிட்டதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம்ங்கிறது முதல் வாய் வச்சதுல இருந்து. ஒரு நாள் புரோட்டாவுக்கு முன்ன பின்ன, ஒரு நாள் மூணு இட்லிக்கு முன்ன பின்ன அவரையே பார்க்கச் சொல்லுங்க, நான் இவ்வளவு எழுதுனது பண்ணாததை அந்த ரெண்டு நம்பர் பண்ணிரும். டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் பத்தியம் இருந்துட்டுப் போறது, டெஸ்ட் அன்னைக்கு "சாப்பிட்டதுக்கப்புறம்"னு ரெண்டே ரெண்டு இட்லி தின்னுட்டு ரத்தம் குடுக்குறது, இதெல்லாம் நம்ம பக்கம் ரொம்ப ஜாஸ்தி, தினமும் சாப்பிடுறதை சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுத்தான் குடுக்கணும். மூணு மாசம் கழிச்சு திரும்ப அந்த மூணு மாச சுகர் எடுங்க, அவரு வயசுக்கு 7 பக்கத்துல வந்தா நல்லது.

காசு பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லிறேன், மெட்ஃபார்மின் விலை குறைஞ்ச மாத்திரைதான், ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே தர்றாங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பேரு சேர்த்துட்டா வீட்டுக்கே வந்து பிரஷரும் பார்த்து மாத்திரையும் குடுப்பாங்க. விழித்திரை, கால் நரம்பு, கிட்னின்னு எதாச்சும் பெருசா சந்தேகம்னா நம்ம ராஜாஜி பெரியாஸ்பத்திரி இருக்கு.

இன்னொண்ணு, உங்களுக்கு. அப்பாவுக்கு சித்தப்பாவுக்கு ரெண்டு பேருக்கும் இருக்கு, அதனால நீங்களும் பாருங்க. 2023ல வெளியான ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர், அதைவிட அதிகமா 13 கோடிக்கு மேல சுகருக்கு முந்தின கட்டத்துல இருக்காங்க, அந்தக் கட்டத்துல இருக்குறவங்களுக்கு சாப்பாடும் நடையும் மட்டுமே சுகர் வர்ற வாய்ப்ப 28 சதவீதத்துக்கு மேல குறைச்சதுன்னு சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ண ஆய்வு 2006லயே காட்டிருச்சு. "சாப்பாட்டுலயே சரி பண்ணலாமா"ங்கிற உங்க கேள்விக்கு முழுசா ஆமான்னு பதில் கிடைக்கக்கூடிய வயசு உங்களோடது.

கடைசியா பழனி. நாள் கணக்குல நடக்குறது சுகருக்கு கெடுதல் இல்ல, பிரச்சினை வெறுங்காலு. தார் ரோட்டுச் சூடு, கருவேல முள்ளு, கொப்புளம், நமக்கு வலிச்சா நின்னுருவோம், நரம்பு மரத்த காலுக்கு வலிக்காது, கொப்புளத்தோடயே நூறு கிலோமீட்டர் நடந்துருவாங்க, தைப்பூசம் முடிஞ்ச வாரத்துல ஆறாத புண்ணோட வர்றவங்கள நான் வருஷா வருஷம் பார்க்குறேன், விரல் எடுக்க வேண்டி வந்தவங்களும் அதுல உண்டு. அதனால போறதுக்கு முன்னாடி கால்ல உணர்ச்சி எப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. உணர்ச்சி நல்லா இருந்து, மூணு மாசத்துல சுகரும் இறங்கியிருந்தா போகட்டும், ஆனா மெத்துன்னு இருக்குற, பழகுன செருப்போ ஷூவோ காட்டன் சாக்ஸோட போட்டுத்தான் நடக்கணும், புது செருப்பு வாங்கி அதோட கிளம்பக் கூடாது. வேண்டுதல்னு சொல்லுவாரு, முருகன் சன்னதிக்குப் போற படிக்கட்டுல காலைல வெயிலுக்கு முன்னாடி செருப்பக் கழட்டிக்கட்டும். உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டா இந்த வருஷம் பஸ்ல போயிட்டு வரட்டும். நடந்து போறதா இருந்தா மாத்திரை, மீட்டர், கொஞ்சம் சீனி பைல இருக்கணும், வழில அன்னதானத்துல பொங்கலும் கேசரியும் குடுப்பாங்க, கொஞ்சமா வாங்கிக்கட்டும். ராத்திரி தங்குற இடத்துல நீங்களோ கூட வர்றவரோ டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பார்க்கணும், சிவப்போ கொப்புளமோ தெரிஞ்சா மறுநாள் காலைல நடக்க வேண்டாம், பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரில காட்டிட்டு அங்கிருந்து பஸ் ஏறிருங்க.